திரையில் ஆங்கிலம், காதில் தமிழ்

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. தெற்கே ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்கா. 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, இன்று தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் ஐ.சி.டி. என்னும் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான். 1887-ல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி, ரூயா, பொதார், கால்சா எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். வடக்கே மித்தி ஆற்றையும் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களையும் கடந்தால் கலினாவில் மும்பைப் பல்கலைக்கழகம். கிழக்கே செம்பூர்ப் பக்கம் போனால் தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், அதே வி.என்.புரவ் மார்க்கில் இன்னும் கொஞ்சம் தள்ளி மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். இன்னும் வடக்கே பவாய் ஏரிக்கரையில் ஐ.ஐ.டி.

தோல் பதனிடவும் சாயமிடவும் மூட்டை தூக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கட்டடங்களை லோக்கல் ரயிலிலிருந்து பார்த்தபடியே வளர்ந்தார்கள். உள்ளே போனவர்கள் உண்டு. போகாதவர்கள் மிக அதிகம். இப்போது அந்தக் கட்டடங்களே கைபேசிக்குள் வந்துவிட்டன என்று சொல்கிறார்கள். ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தைப் பைசா கொடுக்காமல் பார்க்கலாம். பார்க்க முடிகிறது என்பது உண்மை. படிக்க முடிகிறதா என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் ஒன்று தமிழ். தாராவியில் தமிழ்வழியில் படித்த பிள்ளை முக்கோணம், ஒளிச்சேர்க்கை, அடர்த்தி என்று கற்றுக்கொண்டு, பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் ஜூனியர் காலேஜ் வாசலுக்கு வருகிறது. அந்த வாசலில் தமிழ் நின்றுவிடுகிறது. டிரையாங்கிள், ஃபோட்டோசிந்தசிஸ், டென்சிட்டி. தெரிந்த விஷயமே தெரியாத விஷயமாக மாறிவிடுகிறது. பட்டப்படிப்பின் முதலாண்டான எஃப்.ஒய்.யில் இரண்டு தாளில் தேறாமல் ஏ.டி.கே.டி. விழுகிறது. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். படிப்பு ஏற்கெனவே ஏறியிருந்தது. அதைச் சொன்ன குரல் மட்டும் நடுவழியில் மாறிப்போனது. அடுத்த வருடம் அந்தப் பிள்ளை ஒரு கடையின் கணக்கு நோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

இணையவழிக் கல்வி என்றதும் நாம் டேட்டா வேகத்தையும் கருவியின் விலையையும் சான்றிதழின் மதிப்பையும் பேசுகிறோம். பாடம் எந்தக் குரலில் வருகிறது, கேட்பவள் எங்கே உட்கார்ந்து கேட்கிறாள் என்ற இரண்டு கேள்விகளும் பேச்சின் கடைசியில், நேரம் இருந்தால், வருகின்றன. இந்த இரண்டையும் முதல் கேள்வியாக வைத்து வேலை செய்தவர்கள் மும்பையில் இருக்கிறார்கள்.

ஒரே போன், மூன்று வகுப்பு

2020 ஜூன் கடைசியில் ஐ.ஐ.டி. பம்பாய் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த செமஸ்டரில் நேரடி வகுப்பு கிடையாது, எல்லாமே இணையம் வழியாகத்தான். நாட்டின் பெரிய கல்வி நிறுவனங்களில் இதை முதலில் சொன்னது அதுதான். அன்றைய இயக்குநர் சுபாசிஸ் சௌதுரி கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தார்: கணினியும் இணைய இணைப்பும் வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு உதவ சுமார் 5 கோடி ரூபாய் தேவை, முன்னாள் மாணவர்கள் கைகொடுக்க வேண்டும். ஐ.ஐ.டி.யிலேயே நிலைமை அது. நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்த பிள்ளைகளில் பலர் வீட்டில் லேப்டாப் இல்லை என்பதை நாடு அன்றைக்குத்தான் உரக்கக் கேட்டது.

அதே மாதங்களில் தாராவி அடைபட்டுக் கிடந்தது. முதல் கொரோனா தொற்று அங்கே 2020 ஏப்ரல் 1 அன்று பதிவானது. பத்துக்குப் பத்து அறை, அதற்குள்ளேயே அடுப்படி, இரும்பு ஏணி வைத்த மேல்தளம், அங்கே இன்னொரு குடும்பமோ தையல் மிஷின்களோ. அந்த அறையில் ஒரே ஆண்ட்ராய்டு போன் அப்பாவுடையது. அண்ணன் பி.காம். மூன்றாமாண்டு, தங்கை பதினொன்றாம் வகுப்பு, கடைக்குட்டி மாநகராட்சிப் பள்ளி. மூன்று பேருக்கும் காலை பத்து மணிக்கே வகுப்பு. ஒருவருக்குக் கிடைத்தால் இருவருக்குக் கிடையாது. கிடைத்தவருக்கும் பக்கத்துச் சுவரிலிருந்து மிக்ஸி சத்தம், கீழேயிருந்து தண்ணீர்க்குழாய்ச் சண்டை. பாடம் நடத்தியவர் கேமராவை ஆன் செய்யச் சொன்னபோது பல பிள்ளைகள் ஆன் செய்யவில்லை. அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த அறை தெரியாது.

இந்த நகரத்துக்கு இடமில்லாமல் படிப்பது புதிதல்ல. வொர்லியில் சுதாம் காளு அஹிரே மார்க் என்று ஒரு தெரு இருக்கிறது. அதை எல்லோரும் ‘அப்யாஸ் கல்லி’ என்பார்கள், படிப்புச் சந்து. சால் என்னும் ஒண்டிக்குடித்தன வீடுகளில் இடம் போதாத பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தெருவிளக்கின் கீழ் அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறார்கள். படிப்பவர்கள் பலர் ஒன்றாக இருப்பதால் அந்தச் சந்தில் ஓர் அமைதி உண்டு. ஒருவனுக்குப் புரியாத கணக்கை அடுத்தவன் போட்டுக் காட்டுவான். இணையவழிக் கல்வி வீட்டுக்கே வந்தபோது காணாமல்போனது இந்தச் சந்துதான்.

பத்து நிமிடப் பாடம்

கண்ணன் மௌத்கல்யா ஐ.ஐ.டி. பம்பாயில் வேதிப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். டிஜிட்டல் கன்ட்ரோல் பற்றிய அவருடைய பாடநூல் 2007-ல் வெளிவந்தது. ஆனால் மும்பைக்கு வெளியே, சிறு நகரக் கல்லூரிகளில் அவருடைய பெயர் தெரிந்திருப்பது ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தால். மத்திய அரசின் தேசியக் கல்வித் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின் பணத்தில் 2009-ஐ ஒட்டித் தொடங்கிய இந்தத் திட்டம், என் பார்வையில், இந்தியப் பல்கலைக்கழகங்கள் கற்பித்தல் தொழில்நுட்பத்தில் செய்த மிக அக்கறையான வேலைகளில் ஒன்று.

அதில் ஆடம்பரம் ஏதும் இல்லை. கணினித் திரையில் நடப்பதைப் பதிவு செய்து, கூடவே விளக்கம் சொல்லும் குறும்பாடம். பத்து நிமிடம் போல இருக்கும். ஆசிரியர் முகம் தெரியாது, கரும்பலகையும் இல்லை. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சைலாப், பைதான், லேடெக், ஜாவா, ஜிம்ப் என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்கள்தான் பாடம். கற்பவர் திரையின் ஒரு பக்கத்தில் வீடியோவையும் மறுபக்கத்தில் அந்த மென்பொருளையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். குரல் ஒரு படி சொல்லும். நிறுத்திவிட்டு அதைச் செய்து பார்க்க வேண்டும். வந்தால் அடுத்த படி. ‘பக்கம் பக்கமாக’ என்ற பொருளில்தான் அந்த முறைக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வீணை கற்றுக்கொடுக்கும் டீச்சர் ஒரு வரி வாசித்துவிட்டுக் காத்திருப்பாரே, கிட்டத்தட்ட அந்த முறை.

பாடம் தயாராகும் விதம் இன்னும் கவனிக்க வேண்டியது. முதலில் என்ன பேசப்போகிறோம் என்பது முழுக்க எழுத்தில் வர வேண்டும். அதைத் துறை அறிந்தவர் சரிபார்ப்பார். அதோடு விடுவதில்லை. அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் அந்த எழுத்தைக் கொடுத்து, படித்தபடியே செய்து பார்க்கச் சொல்வார்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே எழுத்துதான் தவறு என்று திருத்துவார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் பாடத்தைத் தெரியாதவரின் தீர்ப்புக்கு விடுகிறது. எத்தனை வகுப்பறைகளில் அப்படி நடக்கும்?

மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் பதிவான பாடத்துக்குத் தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். திரை மாறுவதில்லை. மெனுவில் ஃபைல் என்றும் எடிட் என்றும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எங்கே சொடுக்க வேண்டும், ஏன் சொடுக்க வேண்டும் என்று காதில் தமிழ் சொல்லும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாளை வேலைக்குப் போகும் அலுவலகத்தில் திரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்தத் திரை இப்போதே பழக வேண்டும். ஆனால் முதல்முறை புரிந்துகொள்வது தாய்மொழியில் நடக்க வேண்டும். தாராவிப் பிள்ளைக்கு ஜூனியர் காலேஜ் வாசலில் அறுந்துபோன இழை இதுதான். அந்த இழையை இங்கே யாரோ யோசித்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

தமிழ்க் குரல் கொடுப்பது எளிதான வேலையல்ல. வீடியோவின் நீளம் மாறக்கூடாது. எந்த வினாடியில் எந்த வாக்கியம் என்று நேரம் குறித்த எழுத்துப்படி இருக்கும். ஆங்கிலத்தில் நான்கு வினாடியில் முடியும் கட்டளை தமிழில் ஏழு வினாடி கேட்கும். வினையைக் கடைசியில் வைக்கும் மொழி நம்முடையது. மவுஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ‘சொடுக்கவும்’ என்ற சொல் வாயில் வருகிறது. பழைய பாடங்கள் சிலவற்றில் தமிழ் விறைப்பாக இருப்பதை நான் கேட்டிருக்கிறேன். புத்தகத் தமிழை யாரோ வேகமாகப் படிப்பதுபோல் இருக்கும். அதைக் குறையாகச் சொல்லலாம். ஆனாலும் சைலாபில் ஓர் அணிக்கு நேர்மாறு காண்பது எப்படி என்று தமிழில் யாராவது ஒருவர் பொறுமையாகச் சொல்வதை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

இணைப்பு இல்லாத இடங்களையும் அவர்கள் முன்பே நினைத்துப் பார்த்திருந்தார்கள். பாடங்களைக் கணினியில் இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. பயிற்சி வகுப்பு நடத்த அந்த மென்பொருளில் வல்லவர் யாரும் கல்லூரிக்கு வர வேண்டியதில்லை. கணினிகளைத் திறந்துவிட்டு, ஹெட்போன் கொடுத்து, பக்கத்தில் இருக்க ஓர் ஆள் போதும். தேர்வு மட்டும் இணையம் வழியாக நடக்கும். இப்படித்தான் லட்சக்கணக்கான மாணவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது, அவர்களில் பெரும்பாலோர் பெரிய நகரங்களுக்கு வெளியே உள்ளவர்கள். பின்னர் இதே முறையில் தாய்ப்பால் ஊட்டுவது, குழந்தைக்கு ஊட்டச்சத்து ஆகியவை பற்றி உடல்நலப் பாடங்களும் பல மொழிகளில் வந்தன. பொறியியல் கல்லூரிக்காகக் கண்டுபிடித்த ஒரு முறை பிள்ளை பெற்ற தாயின் படுக்கையருகே போயிருக்கிறது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் அது.

இதன் உடன்பிறப்பு ‘ஃபாஸ்ஸி’ திட்டம். வேதிப் பொறியியல் படிப்பவர்களுக்கு ஒரு தொழிற்சாலையின் ஓட்டப்படத்தைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்க்க மென்பொருள் வேண்டும். விலைக்கு வரும் மென்பொருள்களின் உரிமம் சிறிய கல்லூரிகளால் தாங்க முடியாதது. அதற்கு மாற்றாக டி.டபிள்யூ.சிம் என்ற இலவச மென்பொருளை இவர்கள் பரப்பினார்கள். மாணவர்கள் வரைந்த ஓட்டப்படங்களையே பொதுச் சொத்தாகச் சேர்த்தார்கள். பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைச் சைலாபில் எழுதிக் கொடுக்கும் மாணவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். படிப்பவனே அடுத்து வருபவனுக்குப் பாடம் தயாரிக்கிறான்.

மாட்டுங்காவில் ஐ.சி.டி. சுவரையொட்டி நடந்து போகிறவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழலாம். ரசாயனத்தைத் திரையில் கற்க முடியுமா? முடியாது. சாயத்தின் மணமும் கண்ணாடிக் குடுவையின் சூடும் கைக்குத்தான் தெரியும். ஆனால் குடுவையைத் தொடுமுன் பத்து முறை திரையில் ஓட்டிப் பார்த்தவன் ஆய்வகத்தில் செலவிடும் ஒரு மணி நேரம் முழு ஒரு மணி நேரமாக இருக்கும்.

நிறுத்தி யோசிக்க ஒரு இடம்

பவாயிலேயே இன்னொரு கட்டடத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்று முனைவர் பட்ட ஆய்வு நடத்தும் துறை ஒன்று இருக்கிறது. அங்கே சகானா மூர்த்தியும் ஸ்ரீதர் ஐயரும் மாணவர்களோடு சேர்ந்து செய்த ஒரு சோதனை 2013-ல் வெளியானது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு கணினி வகுப்பு. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, முதலில் தனியாக யோசிக்கச் சொல்கிறார். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்கிறார். அதன் பிறகு வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் மாணவர்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து அளந்தார்கள்: சராசரியாக 83 சதவீதம். பெரிய அரங்கில் பின்வரிசை தூங்கிவிடும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. இரண்டு பேரைப் பேசவிட்டால் அந்த விதி மாறுகிறது.

இந்த அனுபவத்தை அவர்கள் இணையவழிப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வீடியோவில் ஆசிரியர் பேசிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்துவார். ‘இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு இதை எழுதிப் பாருங்கள்’ என்பார். அந்த இடத்துக்குச் சிந்தனைப் புள்ளி என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். வீடியோவையே அவர்கள் உரை என்று சொல்வதில்லை, உரையாடல் என்கிறார்கள். அதோடு செய்து பழகுவதற்கு ஒரு பகுதி, விருப்பமுள்ளவர் மேலே போக ஒரு பகுதி, கற்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பகுதி. 2017-ல் ஏ.ஐ.சி.டி.இ.யுடன் சேர்ந்து நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சியில் இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் உலக நிலவரத்தைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தில் அவ்விரு பல்கலைக்கழகங்கள் நடத்திய பாடங்களை ஆராய்ந்து, ஜஸ்டின் ரீச் உள்ளிட்ட இருவர் 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017-18-ல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். நூறு பேர் வகுப்பில் நுழைகிறார்கள், மூன்று பேர் வெளியே வருகிறார்கள். எந்தக் கல்லூரியாவது இப்படி நடந்தால் மறுநாள் வாசலில் பெற்றோர் கூடிவிடுவார்கள். இணையத்தில் வந்து கூடுவதற்கு வாசல் இல்லை.

நம் நாட்டில் என்.பி.டி.இ.எல். வேறு வழியில் போனது. 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. முதலில் வகுப்பை வீடியோ எடுத்து வைத்தார்கள். 2014-லிருந்து பாடத்தோடு சான்றிதழ்த் தேர்வும் வந்தது. படிப்பு இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம், அதையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். கல்லூரிகளில் ‘லோக்கல் சாப்டர்’ என்று கிளை வைத்து ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கினார்கள். ‘அசைன்மென்ட் போட்டாயா’ என்று கேட்க ஒரு மனிதர். அந்த ஒரு கேள்விக்கு எந்தச் செயலியும் ஈடாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. 2021-ல் யு.ஜி.சி. விதியை மாற்றி, ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை அதன் வழியாகவே படித்து மதிப்பெண் பெறலாம் என்றது. அதற்கு முந்தைய வரம்பு 20 சதவீதம். வாய்ப்பு இரட்டிப்பானது நல்லதே. ஆனால் ஒரு கல்லூரி இதைக் காரணம் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே விட்டால், அந்த 40 சதவீதத்தின் விலையைக் கொடுப்பது எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் கேட்க வேண்டும்.

கருவியை மட்டும் நம்பியபோது

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மத்திய மனிதவள அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்தில் மாணவர்களுக்கு ஒரு கணினி. ஆனால் அதன் திரை விரல் தொட்டால் எளிதில் கேட்காத வகை, பேட்டரி தாங்கவில்லை. பிறகு பொறுப்பு ஐ.ஐ.டி. பம்பாய்க்கு வந்தது. அங்கே அதைத் தோளில் சுமந்தவர் தீபக் பாடக். ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து பயிற்சி கொடுக்கும் திட்டத்தை நடத்தியவர். அதற்கான இணைப்பு மென்பொருள் அமிர்தா பல்கலைக்கழகத்தில் உருவானது. இரண்டாவது ஆகாஷ் 2012 நவம்பரில் வந்தது. அதற்குள் சந்தையில் போன்கள் மலிந்துவிட்டன. ஆகாஷ் மறைந்தது. ஆனால் அந்த ஆசிரியர் பயிற்சி நிலைத்தது. பாடக் செய்த இரண்டு வேலைகளில் காலம் எதை வைத்துக்கொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மும்பைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2017 மறக்காது. அந்த ஆண்டு விடைத்தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும் முறையை எல்லாத் துறைகளுக்கும் ஒரேயடியாகக் கொண்டுவந்தார்கள். 477 தேர்வுகள், சுமார் 17 லட்சம் விடைத்தாள்கள். ஆசிரியர்களுக்குப் பழக நேரம் கொடுக்கவில்லை. ஆளுநர் ஜூலை 31-க்குள் முடிவு வர வேண்டும் என்று கெடு வைத்தார், கெடு தாண்டியது. முடிவுகள் செப்டம்பர் வரை இழுத்தன. வெளியூர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தும் மார்க்‌ஷீட் இல்லாமல் தவித்தவர்கள் ஏராளம். துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் அக்டோபரில் பதவி நீக்கப்பட்டார். 1857-ல் பிறந்த பல்கலைக்கழகத்தில் அப்படி நடந்தது. முறையில் தவறில்லை, பல இடங்களில் அது நன்றாகவே நடக்கிறது. பழகாதவர் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்காமல் இறக்கியதுதான் தவறு. ஸ்போக்கன் டுடோரியலில் ஒரு பத்து நிமிட வீடியோவுக்குச் செய்யும் சோதனையை 17 லட்சம் விடைத்தாளுக்குச் செய்யவில்லை.

அதே பல்கலைக்கழகம்தான் 1971-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். பகலில் கடையிலும் தையல் கூடத்திலும் வேலை, இரவில் தபாலில் வந்த நோட்ஸ், ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு. அந்த வழியில் பி.ஏ. முடித்து வங்கியிலும் ரயில்வேயிலும் நுழைந்தவர்கள் மும்பைத் தமிழர்களில் நிறைய. தபால்காரர் அன்றைய இணையம். அந்தப் படிப்பை ‘கரஸ்’ என்று கொஞ்சம் தாழ்வாகச் சொல்லும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

செம்பூர்ப் பக்கம்

தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2015-ல் எம்.ஐ.டி.யோடும் டாட்டா அறக்கட்டளைகளோடும் சேர்ந்து ‘கிளிக்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சத்தீஸ்கர், மிசோரம், ராஜஸ்தான், தெலங்கானா மாநிலங்களின் அரசுப் பள்ளிகள், நானூற்றுக்கும் மேல். பள்ளிக்குள்ளேயே ஒரு சிறிய சர்வர் வைத்து இணையம் இல்லாமல் பாடங்கள் ஓடும்படி செய்தார்கள். மான்கூர்டின் ஹோமி பாபா மையமும் இதில் பங்கெடுத்தது.

அவர்கள் வகுத்துக்கொண்ட மூன்று அடிப்படைகளில் ஒன்று, தவறிலிருந்து கற்பது. இன்னொன்று, சேர்ந்து கற்பது. அதனால் ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள். கணினி போதாததால் மட்டுமல்ல. திரையில் ஒரு முக்கோணம் தவறாக வந்தால் ‘ஏன் இப்படி வந்தது’ என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கத்தான். ஆசிரியர்கள் டெலிகிராம் குழுக்களில் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கென்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் முதுநிலைச் சான்றிதழ் படிப்பும் நடத்தியது. யுனெஸ்கோ தன் கல்வித் தொழில்நுட்பப் பரிசை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தது. செம்பூரில் ரயில் ஏறும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

தாராவியின் நயா நகரிலும் இப்படி ஒன்று நடந்தது. ‘தாராவி டைரி’ என்ற அமைப்பில் சேர்ந்த சிறுமிகள் எம்.ஐ.டி. நடத்தும் ‘ஆப் இன்வென்டர்’ என்ற இலவசக் கருவியைக் கொண்டு, இணையத்தில் இருந்த பாடங்களைப் பார்த்துத் தாங்களே செயலிகள் செய்தார்கள். ஒன்று, தண்ணீர்க் குழாய் வரிசையில் உன் முறை வந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொல்லும் செயலி. குடத்தோடு மணிக்கணக்கில் நின்ற பெண்ணுக்குத்தான் அப்படி ஒரு செயலி தோன்றும்.

தமிழில் இனி என்ன

2001 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் வா.செ.குழந்தைசாமி, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். உலகெங்கும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பது நோக்கம். தமிழைக் கற்பிக்க இணையத்தை நாம் அவ்வளவு முன்னதாகவே பயன்படுத்தினோம். தமிழ் வழியாக மற்றவற்றைக் கற்பிப்பதில் அந்த வேகம் வரவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021-ல் ஐ.ஐ.டி. பம்பாயில் கணேஷ் ராமகிருஷ்ணன் ‘உடான்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பொறியியல் நூல்களை இயந்திரம் முதலில் மொழிபெயர்க்கும். துறை அறிந்தவர்கள் திருத்துவார்கள். கலைச்சொல் அகராதிகளை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். இயந்திரம் ‘மின்தேக்கி’ என்று எழுதும். படிப்பவன் கடையில் போய்க் கேட்பது கெப்பாசிட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பக்குவம் திருத்துபவருக்கு வேண்டும். ‘திரையில் ஆங்கிலம், காதில் தமிழ்’ என்ற அந்தப் பழைய முறைதான் இங்கேயும் வழிகாட்டும் என்று நினைக்கிறேன்.

பாடம் இருக்கிறது, குரலும் இருக்கிறது. உட்காரத்தான் இடம் இல்லை. மாட்டுங்கா, சயான், செம்பூர், தாராவி எங்கும் தமிழர்கள் கட்டிய கூடங்கள் இருக்கின்றன. பஜனை சமாஜம், சங்கம், கோயில் மண்டபம், பள்ளி. சயானில் மும்பைத் தமிழ்ச் சங்கம் தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இந்தக் கூடங்கள் வார நாள் மாலைகளில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகளில் லினக்ஸ் போட்டால் இந்தப் பாடங்களுக்குத் தாராளமாகப் போதும். பத்து கணினி, இருபது ஹெட்போன், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பேர். பாடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டால் வைஃபை இல்லாமலும் நடத்தலாம். மென்பொருள் தெரிந்தவர் வர வேண்டிய தேவை இல்லை. ‘அசைன்மென்ட் போட்டாயா’ என்று கேட்க, ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியையோ போதும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. ஏழு மணிக்குத் தொடங்கினால் வேலை முடிந்து வருபவர்களும் சேர்ந்துகொள்ளலாம். பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும்.